இரும்பாலை ஈன்ற இசைப் பாரி

பாரி என்னும் பெயரைக் கேட்டவுடன் தமிழர் நெஞ்சில் தோன்றுபவன் பறம்பு மலைத் தலைவன். படரக் கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரையே ஈந்த வள்ளல். இவ்வாண்டு மலருக்காக நாம் எழுத எடுத்துக்கொண்ட பாரி அவனல்லன். இவர் கடலுக்கு அப்பால், வேல்ஸ் என்னும் சிறு நாட்டில், இரும்பாலைத் தொழிலாளி ஒருவரின் வீட்டில் பிறந்தவர். ஜோசப் பாரி என்பது இவர் முழுப் பெயர். நம் பாரி கொடுத்துப் புகழ் பெற்றான். இந்தப் பாரியோ ஏழை எளியவர் கொடுத்ததைப் பெற்று, அதனைப் பன்மடங்காக்கித் தம் நாட்டுக்குத் திருப்பித் தந்து புகழ் பெற்றார். பெயரின் ஒற்றுமை தற்செயலானதே. ஆயினும் கொடை என்பது எது, கொடுப்பவர் யார் என்னும் வினாவை இவர் வரலாறு நம்முன் வைப்பதால், அவ்வொற்றுமையும் பொருளுடையதாகவே நமக்குத் தோன்றுகிறது.

பிரிட்டன் தீவில் இங்கிலாந்துக்கு மேற்கே அமைந்தது வேல்ஸ். இன்றும் அங்கு வாழும் மக்கள் முப்பது இலட்சத்துக்குச் சற்று அதிகமானவரே. மலையும் மழையும் நிலக்கரியும் மிகுந்த நாடு அது. அத்தீவில் ஆங்கிலம் காலூன்றுவதற்கு முன்பே வேரூன்றிய பழமையான மொழி ஒன்று அவர்களுக்கு உண்டு. அண்டை நாட்டின் பெருமொழி எத்துணை நெருக்கியும், பாட்டாலும் வழிபாட்டாலும் தம் மொழியைக் காத்து வந்தவர்கள் அவர்கள். இது ஒன்றே, தமிழகத்துக்கு வெளியே தமிழைப் பேணி வாழ முயலும் நமக்கு அவர்கள்பால் அன்பு தோன்றப் போதுமானதாகும்.

பிறப்பும் பிள்ளைப் பருவமும்

ஜோசப் பாரி 1841-ஆம் ஆண்டு மே திங்கள் 21-ஆம் நாள், தெற்கு வேல்ஸைச் சேர்ந்த மெர்தர் டிட்வில் என்னும் ஊரில் பிறந்தார். ரயில்வேயின் உப்பைத் தின்று வாழும் நம் காலனியினர் இவ்வூரின் பெயரை மறத்தலாகாது. 1804-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் நாள், ரிச்சர்டு டிரெவிதிக் என்பார் அமைத்த நீராவி எஞ்சின், 10 டன் இரும்பையும் எழுபது ஆட்களையும் இழுத்துக்கொண்டு தண்டவாளத்தின்மீது ஒன்பது மைல் சென்றது இவ்வூர் ஆலை ஒன்றிலிருந்துதான். உலகில் நீராவி எஞ்சின் தண்டவாளத்தில் பாரம் இழுத்தது அதுவே முதன்முறை எனலாம்.

பாரி பிறந்த காலத்தில் மெர்தர் நகரில் நான்கு பெரிய இரும்பாலைகள் இரவும் பகலும் கனன்றுகொண்டிருந்தன. 1851-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்தோர் 46,000-க்கு மேற்பட்டவர். வேல்ஸ் நாட்டிலேயே பெரிய ஊர் அன்று அதுதான். செல்வம் ஆலை முதலாளியின் கோட்டைக்குச் சென்றது. புகையும் நோயும் தொழிலாளியின் தெருவுக்கு வந்தன. 1849-ஆம் ஆண்டு வந்த வாந்திபேதி ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. அப்போது ஜோசப் எட்டு வயதுச் சிறுவன்.

தந்தை டேனியல் பாரி, கவார்த்வா என்னும் ஆலையில் இரும்பைத் தூய்மை செய்யும் பணியில் இருந்தார். தாயார் எலிசபெத் இனிய குரல் வாய்ந்தவர். மாதா கோவிலில் பாடுபவர். அவ்வம்மையார் வயிற்றில் எட்டு மக்கள் பிறந்தனர். ஆலைத் தொழிலாளர்க்கென வரிசையாகக் கட்டப்பட்ட சிறு வீடுகளுள் ஒன்றில் இக்குடும்பம் வாழ்ந்தது. நம் காலனிக் குவார்ட்டர்சுகளைக் கண்டவர்க்கு அவ்வீடுகளின் அமைப்பை விரித்துரைக்கத் தேவையில்லை.

ஒன்பது வயதில் ஜோசப்பின் பள்ளிப் படிப்பு முடிந்தது. சிறுவனை நிலக்கரிச் சுரங்க வேலைக்கு அனுப்பினர். வாரத்தில் 56 மணி நேரம் உழைப்பு. கூலி இரண்டரை ஷில்லிங். பன்னிரண்டு வயதில் சுரங்கத்தை விட்டுக் கவார்த்வா ஆலையின் உலைக்களத்துக்கு வந்தான். உருகிய இரும்பை நீண்ட கம்பிகொண்டு கிளறிக் கசடு நீக்கும் களம் அது. வளர்ந்த ஆடவரையே வாட்டும் அவ்வனலின் அருகே நின்று வேலை செய்தவன் மீசை அரும்பாத பாலகன்.

பித்தளையின் குரல்

இத்தகைய ஊரில் இசைக்கு இடமேது என்று சிலர் எண்ணலாம். இருந்தது. மாதா கோவில்களில் ஆண்களும் பெண்களும் நான்கு வகைக் குரலாகப் பிரிந்து, ஒன்றோடொன்று இயைந்து பாடும் பாட்டு ஒருபுறம். மற்றொருபுறம், கவார்த்வா ஆலையின் பாண்டு வாத்தியக் குழு.

1838-ஆம் ஆண்டில் ஆலை முதலாளி குடும்பத்தைச் சேர்ந்த ராபர்ட் தாம்சன் கிராஷே என்பார் இக்குழுவை அமைத்தார். வெளியூர்களிலிருந்து தேர்ந்த வாத்தியக்காரர்களை வரவழைத்து, அவர்களுக்கு ஆலையில் வேலை கொடுத்து, உள்ளூர்த் தொழிலாளரையும் அவர்களோடு பழக்கினார். கோட்டையில் விருந்து நடக்கையில் வாசிப்பதே அக்குழுவின் முதற்கடமை. ஆயினும் ஓசைக்கு மதில் ஏது? கோட்டைக்கென எழுந்த இசை, குடிசைக்கும் கேட்டது. பேத்தோவன் போன்ற பெரும் இசைவாணரின் படைப்புகளையும், இத்தாலிய இசை நாடகங்களையும் அக்குழுவினர் வாசித்தனர். பள்ளி செல்லாத சிறுவர்கள் ஐரோப்பாவின் உயர்ந்த இசையை அவ்வூர்த் தெருவிலேயே கேட்டு வளர்ந்தனர். அவர்களுள் ஒருவன் நம் ஜோசப்.

பித்தளை வாத்தியம் தொழிலாளியின் வாத்தியமாக ஆனது எவ்வாறு என்பதையும் இங்குச் சொல்லுதல் வேண்டும். நம் கோவில்களில் ஊதும் எக்காளத்தையும் கொம்பையும் நினைத்துக்கொள்வோம். நீண்ட குழல், அதன் வாயில் உதட்டை வைத்து அதிரச் செய்தால் ஒலி பிறக்கிறது. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் சில சுரங்களே எழுப்பலாகும். இடையிலுள்ள சுரங்கள் கிட்டா. ஐரோப்பியரின் பழைய எக்காளங்களுக்கும் இக்குறை இருந்தது. 1818-ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் வால்வு என்னும் அமைப்புக்கு உரிமைப் பட்டயம் பெறப்பட்டது. விரலால் அதனை அழுத்தினால், ஊதிய காற்று கூடுதலான ஒரு சிறு குழல் வழியாகச் சுற்றிச் செல்லும். குழலின் நீளம் கூடச் சுரம் இறங்கும். இத்தகைய மூன்று வால்வுகள் இருந்தால் எல்லாச் சுரங்களையும் எழுப்பிவிடலாம்.

இதனால் விளைந்த நன்மை பெரிது. வயலினுக்கு மென்மையான விரல் வேண்டும். பியானோவுக்கு வீட்டில் இடமும் கையில் பணமும் வேண்டும். மூன்று வால்வுகளை அழுத்துவதற்கோ உலைக்களத்தில் காய்த்துப்போன விரல்களே போதும். ஒரு வாத்தியத்தைக் கற்றவன் சற்றுப் பழகினால் அக்குழுவின் மற்றொரு வாத்தியத்துக்கு மாறிக்கொள்ளவும் இயலும். மழையில் நனைந்தாலும் பித்தளை கெடாது. ஆகவே பிரிட்டனின் சுரங்க ஊர்களிலும் ஆலை ஊர்களிலும் பித்தளை வாத்தியக் குழுக்கள் பெருகின. இன்று நம் காலனி வழியே கலியாண ஊர்வலத்தில் செல்லும் பாண்டு வாத்தியமும் அந்த வால்வின் வழிவந்ததே.

கடல் கடந்த குடும்பம்

1853-ஆம் ஆண்டில் டேனியல் பாரி பிழைப்பைத் தேடி அமெரிக்கா சென்றார். அடுத்த ஆண்டு குடும்பத்தாரும் கப்பலேறினர். அவர்கள் குடியேறியது பென்சில்வேனியா மாகாணத்தில், சஸ்குவஹானா ஆற்றங்கரையிலுள்ள டான்வில் என்னும் ஊர். அமெரிக்க ரயில் பாதைகளுக்கு வேண்டிய தண்டவாளங்களை 1840-களிலேயே அங்கு செய்யத் தொடங்கியிருந்தனர். வேல்ஸ் நாட்டு இரும்புத் தொழிலாளர் பலர் அவ்வூரை நாடிச் சென்று குடியேறினர். பதின்மூன்று வயது ஜோசப்பும் அங்குள்ள உருட்டாலையில் வேலைக்குச் சேர்ந்தான்.

வந்த இடத்தில் அம்மக்கள் என் செய்தனர்? முதலில் ஒரு மாதா கோவில் கட்டித் தம் மொழியில் வழிபட்டனர். பின்னர் தம் நாட்டு வழக்கப்படி ஐஸ்டெத்வாட் நடத்தினர். அமர்ந்திருத்தல் என்னும் பொருளுடைய சொல் அது. புலவரும் பாணரும் கூடி, பாட்டிலும் இசையிலும் போட்டியிட்டு, நடுவர் தீர்ப்பைப் பெறும் அவை. 1176-ஆம் ஆண்டில் கார்டிகன் கோட்டையில் ரிஸ் என்னும் சிற்றரசர் அத்தகைய அவை ஒன்றைக் கூட்டியதாக வரலாறு உண்டு. நம் முன்னோரின் தமிழ்ச் சங்கமும் அரங்கேற்றமும் நினைவுக்கு வருகின்றன அல்லவா? உலையிலிருந்து திரும்பிய கைகளைக் கழுவிக்கொண்டு, ஞாயிறு உடையை அணிந்து, பிள்ளை குட்டிகளோடு வந்து அமர்ந்து, தம் மொழிப் பாட்டைக் கேட்டனர் அந்தத் தொழிலாளர். நம் சங்க ஆண்டு விழா மேடையில் திரை விலகும் போதெல்லாம் டான்விலின் அந்த அவை நம் கண்முன் வருகிறது.

ஆலை மூடிய காலத்தில் திறந்த பள்ளி

ஜோசப்புக்குக் குரல் இருந்தது. கேள்வி ஞானம் இருந்தது. ஆனால் பதினேழு வயதுவரை இசைக் குறிகளைப் படிக்கத் தெரியாது. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றமையால் எழுத்து வாசனையும் குறைவே. அக்காலத்தில், வேலை குறைந்து ஆலை சில காலம் மூடப்பட்டது. கூலியின்றி வீட்டிலிருந்த தொழிலாளருள் இசை கற்றவர் சிலர் இருந்தனர். அவர்கள் அந்த ஓய்வை வீணாக்காமல், கற்க விரும்பியவர்க்கு வகுப்பு நடத்தினர். ஜான் ஏபெல் ஜோன்ஸ், ஜான் எம். பிரைஸ் என்னும் இருவரே ஜோசப்பின் முதல் ஆசிரியர்கள். இருவரும் அதே ஆலையில் வேலை செய்தவர்கள்.

உலகப் புகழ் பெற்ற இசைவாணர்களின் வரலாற்றில் முதற்குரு என்று அரண்மனை வித்துவான்களின் பெயரே பெரும்பாலும் காணப்படும். இங்கோ இரும்பு உருட்டியவர்களே குருமார். தாம் அறிந்தது சிறிதாயினும் அதனை மறைக்காமல் அடுத்தவர்க்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த இருவரும் தம்மைப் பெரிய கலைஞர் என்று எண்ணியிருக்கமாட்டார்கள். ஆயினும் அவர்கள் இல்லையேல் இக்கட்டுரை இல்லை.

கற்றது சுவறிய நிலத்தில் பெய்த மழைபோல் ஆயிற்று. 1860-ஆம் ஆண்டு டான்வில் ஐஸ்டெத்வாட்டில் இசை இயற்றும் போட்டியில் இளைஞர் பாரி முதற் பரிசு பெற்றார். ஊரார் மகிழ்ந்தனர்; கைதட்டியதோடு நிற்கவில்லை. அடுத்த ஆண்டு நியூயார்க் மாகாணத்தின் ஜெனிசியோ என்னும் ஊரில் நடந்த இசைப் பள்ளிக்கு நண்பர்கள் கூடிப் பணம் சேர்த்து அவரை அனுப்பினர். அவ்வாண்டே ஜேன் தாமஸ் என்னும் வேல்ஸ் குலப் பெண்மணியை மணந்தார். குடும்பம் பெருகிற்று, ஆலை வேலை தொடர்ந்தது. இரவில் விளக்கொளியில் இசை எழுதினார்.

எழுதியவற்றைக் கப்பல் தபாலில் தாய்நாட்டுக்கு அனுப்பினார். ஆண்டுதோறும் நடைபெறும் தேசிய ஐஸ்டெத்வாட்டில் போட்டியாளர் தம் பெயரை மறைத்துப் புனைபெயரில் எழுதுதல் மரபு. 1863-ஆம் ஆண்டு ஸ்வான்சியிலும், 1864-ஆம் ஆண்டு லாண்டட்னோவிலும் அவர் படைப்புகள் பரிசு பெற்றன. 1865-ஆம் ஆண்டு அவரே தாய்நாடு சென்று, அபெரிஸ்த்வித் நகரில் கூடிய அவையில் பாணர் வரிசையில் சேர்க்கப்பெற்றார். அமெரிக்காவின் தலைமைப் பாணர் என்னும் பொருளுடைய பென்கெர்த் அமெரிக்கா என்ற பட்டம் அவருக்குச் சூட்டப்பட்டது. பிழைக்கச் சென்ற பிள்ளையைத் தாய்நாடு தன் மடியில் அமர்த்திக்கொண்ட நாள் அது.

செப்புக் காசுகளின் கொடை

பட்டம் வந்தது, வறுமை போகவில்லை. இத்தகைய திறமை முறையான கல்வியின்றி வாடலாகாது என்று சான்றோர் எண்ணினர். ஆனால் மனைவி மக்களைத் தாங்கும் ஒருவர் வேலையை விட்டு மூன்றாண்டு படிக்கச் செல்வது எங்ஙனம்? படிப்புச் செலவு மட்டுமன்று, குடும்பச் செலவும் வேண்டுமே. ஆதலின் ஒரு நிதி தொடங்கப்பட்டது. வேல்ஸ் மக்கள் குடியேறிய அமெரிக்க ஊர்களிலெல்லாம் பாரி சென்று கச்சேரி செய்தார். சுரங்கத்திலும் உலையிலும் உழைத்தவர்கள், தத்தம் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்தனர்.

இங்கேதான் பறம்பு மலைப் பாரி நம் நினைவுக்கு மீண்டும் வருகிறான். தேர் உடையவன் தேர் கொடுத்தான், அது பெருமையே. தேர் இல்லாதவர்கள் தம் கைக்காசைக் கொடுத்தார்களே, அதனை என்னென்பது? தமக்குப் புரியாத படிப்பு, தாம் காணாத நகரம், தாம் கேட்கப் போகாத கச்சேரி. அவற்றுக்காக அவர்கள் கொடுத்தார்கள். கொடுத்தவர்களுள் பெரும்பாலோரின் பெயரை இன்று எவரும் அறியார்.

1868-ஆம் ஆண்டு பாரி குடும்பத்தோடு இலண்டன் சென்று, அரச இசைக் கழகத்தில் மாணவரானார். வயது இருபத்தேழு. உடன் பயின்றோர் பலரும் இளையவர், வசதியுள்ள குடும்பத்தினர். ஸ்டெர்ன்டேல் பென்னட் என்பாரிடம் இசை இயற்றலையும், மானுவேல் கார்சியாவிடம் வாய்ப்பாட்டையும், ஸ்டெகால் என்பாரிடம் ஆர்கனையும் கற்றார். 1871-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் இசை இளவர் பட்டத்தைப் பெற்றார். அவருக்கு இசைமீதிருந்த பற்றினைப் பிள்ளைகளின் பெயர்களே காட்டும். ஒருவர் ஹைடன், ஒருவர் மெண்டல்சான், ஒருவர் தம் ஆசிரியரின் பெயரால் ஸ்டெர்ன்டேல். நம்மவர் தியாகராஜன் என்றும் முத்துசுவாமி என்றும் பெயரிடுவது போன்றதே இது.

படித்து முடித்தவுடன் அவர் செய்தது நம் கருத்துக்குரியது. இலண்டனில் தங்கிப் பொருளீட்ட முயலாமல், தம்மைப் படிக்க வைத்த டான்வில் நகருக்கே திரும்பினார். அங்கு ஓர் இசைப் பள்ளி அமைத்து மூன்றாண்டு கற்பித்தார்.

பேராசிரியர் பாரி

1872-ஆம் ஆண்டில் அபெரிஸ்த்வித் நகரில் வேல்ஸ் நாட்டின் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது. அதன் முதல் இசைப் பேராசிரியராக 1874-ஆம் ஆண்டு ஜோசப் பாரி அழைக்கப்பட்டார். ஒன்பது வயதில் பள்ளியை விட்டுச் சுரங்கத்தில் இறங்கியவர், முப்பத்து மூன்றாம் வயதில் கல்லூரியின் பேராசிரியர் இருக்கையில் அமர்ந்தார்.

அடுத்த சில ஆண்டுகளே அவர் வாழ்வின் பொற்காலம். 1875-ஆம் ஆண்டு வெளிவந்த மவான்வி என்னும் பாட்டு, தன்னை மறந்துவிட்ட காதலியை ஒருவன் கடிந்துகொள்ளாமல் வாழ்த்தி விடைபெறுவது. ஆடவர் குழுக்கள் அதனை இன்றும் பாடுகின்றன. வேல்ஸ்காரர் கூடும் இடத்தில் அப்பாட்டு ஒலிக்காமல் இருப்பது அரிது. 1878-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் இசைத்துறை டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வாண்டு மே 21, தம் பிறந்த நாளன்றே, பிளாட்வென் என்னும் இசை நாடகத்தை அபெரிஸ்த்வித் நகரில் அரங்கேற்றினார். வேல்ஸ் மொழியில் தோன்றிய முதல் இசை நாடகம் அது. அம்மொழியைக் கற்றோர் அவைக்கு ஒவ்வாததென்று எண்ணியவர் பலர் இருந்த காலத்தில், அரங்கு நிறைந்த மக்கள்முன் இரண்டு மூன்று மணி நேரம் அம்மொழியே பாடி நின்றது. 1879-ஆம் ஆண்டு அச்சேறிய அபெரிஸ்த்வித் என்னும் தோத்திர மெட்டு, உலகெங்கும் கிறித்தவ ஆலயங்களில் பாடப்படுகிறது.

டிட்வில் முகப்பிசை

ஆனால் நம் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. பாரி தாம் பிறந்த ஊரின் பாண்டு வாத்தியக் குழுவுக்காக ஒரு படைப்பை இயற்றினார். டிட்வில் முகப்பிசை என்பது அதன் பெயர். நாடகமோ கச்சேரியோ தொடங்குமுன் வாத்தியங்கள் மட்டும் சேர்ந்து வாசிப்பதை முகப்பிசை என்கிறோம். டிட்வில் என்பவள், உயிர்த்தியாகம் செய்தவளாக அவ்வூரார் போற்றும் பழங்கால அரசகுமாரி. ஊர்ப்பெயரும் அவளால் வந்ததே. தம் ஊர்த் தெய்வத்தின் பெயரைத் தம் இசைக்குச் சூட்டினார் பாரி.

அதுவரை பித்தளை வாத்தியக் குழுக்கள் வாசித்தவை பெரும்பாலும் பிற வாத்தியங்களுக்கென எழுதப்பட்டவை. அவற்றையே வெட்டியும் ஒட்டியும் தமக்கேற்ப அமைத்துக்கொண்டனர். பித்தளைக் குழுவின் மூச்சையும் வன்மையையும் கருதி, அதற்கென்றே முழுமையாக இயற்றப்பட்ட முதற்படைப்பு டிட்வில் முகப்பிசையாக இருக்கலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து. கற்றறிந்த இசைவாணர் ஒருவர் தொழிலாளரின் வாத்தியத்தை இரண்டாம் தரமாக எண்ணாமல், தம் புலமையை அதற்கு அளித்தார். சிறுவனாய்த் தெருவில் நின்று கேட்ட குழுவுக்கு அவர் செலுத்திய கடன் என்றே நாம் இதனைக் கொள்ளுகிறோம்.

அக்குழுவினர் வாசித்த கையெழுத்துப் பிரதிகள் மெர்தர் நகரில் கவார்த்வா கோட்டையிலுள்ள காட்சிசாலையில் காக்கப்பட்டு வருகின்றன. 1990-களில் பழங்கால வாத்தியங்களைக் கொண்டே அம்முகப்பிசையை வாசித்து ஒலிப்பதிவும் செய்தனர். குழுவை அமைத்த முதலாளி கிராஷே, பிற்காலத்தில் தொழிலாளரோடு பிணங்கி ஆலையையே மூடியவர். 1879-ஆம் ஆண்டு மறைந்தார். தம் கல்லறைமீது ஒரு பெரும் பாறையை இடுவித்து, இறைவன் தம்மை மன்னிக்க வேண்டும் என்னும் கருத்தை மட்டும் அதில் பொறிக்கச் செய்தார். ஆலையும் அழிந்தது. அவர் தம் பெருமைக்காக வளர்த்த பாண்டு மட்டும், அவர் அறியாமலே, ஓர் ஏழைச் சிறுவனின் செவியில் விதையாய் விழுந்து பயன் தந்தது.

பிற்காலமும் மறைவும்

1880-ஆம் ஆண்டு பாரி அபெரிஸ்த்வித் கல்லூரியை விட்டு நீங்கினார். பின்னர் ஸ்வான்சியில் ஓர் இசைக் கல்லூரி நடத்தினார். 1888 முதல் கார்டிப் நகரின் பல்கலைக்கழகக் கல்லூரியில் இசை கற்பித்து, அருகிலுள்ள பெனார்த்தில் குடியிருந்தார். மேலும் பல இசை நாடகங்களும் பெரும் தோத்திர இசைகளும் இயற்றினார்.

அவர் குறைகளையும் மறைத்தல் முறையன்று. மிக விரைவாக எழுதினார். எழுதியதைத் திருத்த நேரம் கொள்ளவில்லை. ஆதலின் அவர் இயற்றிய நூற்றுக்கணக்கான படைப்புகளுள் பெரும்பாலானவை இன்று பாடுவாரின்றிக் கிடக்கின்றன. பன்னிரண்டு மணி நேரம் உலையடியில் நின்று, எஞ்சிய இரவில் எழுதிப் பழகிய கை, நிதானம் அறியாது போனதில் வியப்பில்லை என்பது நம் எண்ணம்.

முதுமையில் துயரங்களும் வந்தன. 1892-ஆம் ஆண்டு மகன் ஸ்டெர்ன்டேல் மறைந்தார். 1894-ஆம் ஆண்டு, தந்தையைப் போலவே இசையில் பெயர் பெற்று வந்த ஹைடனும் முப்பது வயதளவில் காலமானார். 1896-ஆம் ஆண்டு லாண்டட்னோ தேசிய ஐஸ்டெத்வாட்டில், நாட்டு மக்கள் நன்றியுடன் 600 பவுன் திரட்டிப் பாரிக்கு வழங்கினர். மீண்டும் மக்கள் காசுதான். 1903-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள், தம் அறுபத்தோராம் வயதில் பெனார்த்தில் உயிர் நீத்தார். அவ்வூர்ப் புனித அகஸ்டின் ஆலய வளாகத்தில் அடக்கமானார். மெர்தர் நகரில் அவர் பிறந்த சிறு வீடு இன்று நினைவில்லமாக விளங்குகிறது.

நாம் கொள்ள வேண்டியது

டான்வில் நகரின் வேல்ஸ் குடியினர் என்ன ஆயினர் என்று அன்பர்கள் கேட்கலாம். தலைமுறைகள் மாறின. பேரப்பிள்ளைகள் ஆங்கிலமே பேசலாயினர். அவ்வூரில் வேல்ஸ் மொழி இன்று பேச்சு வழக்கில் இல்லை. அவர்கள் நடத்திய விழாக்களின் மாலைகளும் தோரணங்களும் எங்கே சென்றன? எதுவும் எஞ்சவில்லை. எஞ்சியது ஒன்றே. உலைக்களத்தில் நின்ற ஓர் இளைஞனின் திறமையைக் கண்டு, நேரத்தையும் காசையும் கொடுத்தார்களே, அது எஞ்சியது. மவான்வி பாடப்படும் போதெல்லாம் டான்வில் சங்கம் வாழ்கிறது.

இதனை எழுதும்போது நம் மனச்சான்று நம்மைச் சுடாமலில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் சங்கத்தின் கணக்குப் புத்தகம் நம் கையில் இருந்தது. காலனியைச் சேர்ந்த பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் தம் மகளின் பாட்டு வகுப்புக் கட்டணத்துக்குச் சங்கம் உதவுமா என்று ஒரு விண்ணப்பம் கொடுத்தார். அந்தப் பெண் நவராத்திரியில் பாடக் கேட்டவர்கள் நம்முள் பலர். விதிகளைப் புரட்டிப் பார்த்தோம். அவ்வகைச் செலவுக்குக் கணக்கில் தலைப்பு இல்லை. அவ்வாறே குறிப்பெழுதி விண்ணப்பத்தைத் திருப்பினோம். அந்த ஆண்டு மேடை அலங்காரத்துக்கும் விளக்குத் தோரணத்துக்கும் செலவிட்ட தொகை, அவர் கேட்டதைக் காட்டிலும் பன்மடங்கு. அதற்குத் தலைப்பு இருந்தது. அடுத்த ஆண்டு அவருக்கு மாற்றலாயிற்று. அந்தப் பெண் பாடுவதை அதன்பின் நாம் கேட்டதில்லை.

குமாஸ்தாவின் கண்ணுக்குத் தலைப்பு தெரிந்தது, குழந்தை தெரியவில்லை. டான்வில் நகரத்து ஆலைத் தொழிலாளரிடம் விதிப்புத்தகம் இருந்ததோ இல்லையோ, கண் இருந்தது.

ஆகவே உறுப்பினர் அனைவரையும் ஒன்று வேண்டுகிறோம். வரும் பொதுக்குழுவில், கலை கற்கும் பிள்ளைகளுக்கு உதவி என ஒரு தலைப்பைச் சங்கக் கணக்கில் சேர்ப்போம். தொகை சிறிதாயினும் ஆகுக. குடும்பத்துக்கு மாதம் பத்து ரூபாய் என்றாலும் ஆண்டு முடிவில் ஒரு குழந்தையின் கட்டணம் தேறும். தமக்குத் தெரிந்த பாட்டையோ, வீணையையோ, தமிழையோ ஞாயிறு மாலையில் ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுப்போர் முன்வந்தால், காசையும் மிஞ்சிய கொடையாகும் அது. எந்தக் குவார்ட்டர்சில் எந்தப் பாரி இருக்கிறான், எந்தப் பாரி மகள் இருக்கிறாள் என்பதை யார் அறிவார்? முதல் பெயராக எழுதிக்கொள்ளுமாறு நம் பங்கினை இம்மலர் வெளிவரும் நாளிலேயே காரியதரிசி அவர்களிடம் சேர்ப்பித்து விடுகிறோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!